வெள்ளவத்தையில் ஒரு போக்கர் வகுப்பு: ஈர மேசையும் காய்ந்த மேசையும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், தையற்கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் தமிழில் ஒரு போக்கர் வகுப்பு நடக்கிறது. ஆறு வாரங்கள் தவறாமல் போய் முடித்த பின்னரே இதை எழுதுகிறேன். நடத்துபவரின் பெயரை விட்டுவிடுகிறேன். வகுப்பில் எல்லோரும் அவரைச் சேர் என்றே அழைத்தோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். ஆறு வகுப்புகளுக்கும் சேர்த்து 12,000 ரூபாய் வாங்கினார். காசு வைத்து ஆடுவதில்லை என்பது முதல் நாளே சொல்லப்பட்ட விதி. ஆளுக்கு நூறு புளியங்கொட்டை எண்ணித் தரப்பட்டது, போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

போக்கரின் ஒரு வகையான டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு சீட்டுகளும், மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகளும் இருக்கும். அந்த ஐந்தில் முதல் மூன்றும் ஒன்றாக விழுவதை ஃப்ளொப் என்பார்கள், நான்காவது டேர்ன், ஐந்தாவது ரிவர். இந்த வகுப்பின் பாடம் முழுவதும் அந்த முதல் மூன்று சீட்டுகளைப் படிப்பது பற்றியதுதான். அடுத்து வரும் சீட்டினால் கைகளின் நிலை அதிகம் மாறாதென்றால் அது காய்ந்த மேசை; ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஒரே பூ), ஸ்ட்ரெயிட் (ஐந்து சீட்டும் வரிசையாக) ஆகியவற்றுக்குப் பல வழிகள் திறந்து கிடந்தால் அது ஈர மேசை. 52 சீட்டுகளிலிருந்து 22,100 விதமான ஃப்ளொப்கள் விழலாம், வெறுமனே பூ (கிளாவர், டயமன், ஆட்டின், ஸ்பேட் என்ற நான்கு இனங்கள்) மாறுவதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் 1,755 மிஞ்சும், ஆகவே மனப்பாடத்துக்கு இங்கே இடமில்லை என்று சேர் தொடங்கினார். தொடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் வாரப் பயிற்சிதான் கட்டணத்தை நியாயப்படுத்தியது. மேசையில் கிளாவர் ராஜா, டயமன் ஏழு, ஆட்டின் இரண்டு ஆகிய மூன்றையும் வைத்துவிட்டு, அடுத்த சீட்டுக்காக ஆவலோடு காத்திருக்கக் கூடிய கைகள் எவையெவை என்று ஐந்து நிமிடத்துக்குள் கொப்பியில் எழுதச் சொன்னார். பேனைகள் அசையவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த வங்கி ஊழியர் ஒன்றுமே எழுதாமல், தான் எதையோ தவறவிட்டுவிட்டதாக எண்ணி என் கொப்பியை எட்டிப் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. பிறகு அந்த மூன்றையும் எடுத்துவிட்டு ஸ்பேட் ஒன்பது, ஸ்பேட் எட்டு, டயமன் ஏழு என்று வைத்தார். இப்போது ஐந்து நிமிடம் போதவில்லை. ஜாக்-பத்து, பத்து-ஆறு, ஆறு-ஐந்து ஆகிய மூன்றும் ஏற்கனவே ஸ்ட்ரெயிட், ஒவ்வொன்றுக்கும் பதினாறு சேர்க்கைகள் என்று அவையே 48. மீதமுள்ள பதினொரு ஸ்பேட் சீட்டுகளில் எந்த இரண்டைப் பிடித்திருந்தாலும் ஃப்ளஷுக்கு ஒன்றே குறை என்பதால் அதில் 55. பத்து ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்குக்கூட ஜாக்கோ ஆறோ விழுந்தால் போதும். ஈரம் என்ற சொல் ஏன் வந்தது என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பந்தயத்தின் அளவைப் புளியங்கொட்டையை வைத்தே கற்பித்த விதமும் தெளிவாக இருந்தது. நடுவில் 60 கொட்டை இருக்கிறது. நான் 20 வைக்கிறேன் என்றால், எதிராளி 20 போட்டு 100 கொட்டை உள்ள குவியலுக்கு ஆடுகிறார், அவருக்கு 20 சதவீத வாய்ப்பு இருந்தால் நட்டமில்லை. ஃப்ளஷுக்கு ஒரு சீட்டுக் குறைவாக இருப்பவருக்குப் பார்க்காத 47 சீட்டுகளில் ஒன்பது உதவும், அதாவது அடுத்த சீட்டிலேயே கிடைக்கும் வாய்ப்பு 19 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே ஈர மேசையில் மூன்றில் ஒரு பங்கு வைப்பது அவருக்கு ஏறத்தாழச் சரியான விலைக்குச் சீட்டு விற்பதற்குச் சமம். ஃப்ளஷ் கிடைத்த பிறகு மேலும் கறக்கலாம் என்பதால் உண்மையில் மலிவு விலை. அதே இடத்தில் 45 வைத்தால் அவருக்கு 30 சதவீதம் தேவைப்படும். காய்ந்த மேசையிலோ துரத்துவதற்கு எவரிடமும் ஒன்றும் இல்லாததால் 20 கொட்டையே வேலையைச் செய்துவிடும். இதைச் சொல்லிவிட்டு, எங்களை மாறி மாறி இரு பக்கமும் உட்காரவைத்து அரை மணி நேரம் கொட்டைகளைத் தள்ளவைத்தார். சதவீதக் கணக்கு விரல் நுனிக்கு வந்தது அந்த அரை மணி நேரத்தில்தான்.

304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20 என்று பழகிய கண்ணுக்கு, அவை இரண்டும் மேசையில் விழுந்தவுடன் கையில் என்ன இருக்கிறது என்பதையே மறந்து ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. போக்கரில் ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து விழும் மேசை பெரும்பாலும் ஈரமானது, ஒற்றைச் சோடியை வைத்துக்கொண்டு துள்ளுவதற்குரிய இடமே அல்ல. நான் மூன்று வாரம் இதிலேயே கொட்டைகளை இழந்தேன்.

குறைகளுக்கு வருகிறேன். கையில் தரப்பட்ட அச்சுத் தாள் கவனமின்றித் தயாரிக்கப்பட்டது. ராஜா-ஏழு-இரண்டு என்று போட்டு, ராஜாவையும் ஏழையும் ஒரே பூவாகக் காட்டி, அதைக் காய்ந்த மேசைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மேசையில் இரண்டு சீட்டுகள் ஒரே பூவானால் ஃப்ளஷுக்குக் காத்திருக்கும் 55 சேர்க்கைகள் உள்ளே வந்துவிடுகின்றன என்பது அவர்களே சொல்லித்தந்த கணக்கு. ஃப்ளொப்களில் நூற்றுக்கு 55 இப்படி இரு பூ ஒத்தவை, மூன்றும் வெவ்வேறு பூவாக விழுவது 40, மூன்றும் ஒன்றாக விழுவது 5 என்னும்போது, இதை அச்சுப் பிழை என்று தள்ளிவிட இயலாது. நாங்கள் அதிகம் சந்திக்கப் போவது அந்த 55-ஐத்தான்.

ஏழு-நான்கு-இரண்டு என்ற மேசையையும் அதே பட்டியலில், ராஜா-ஏழு-இரண்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பது இன்னும் நுட்பமான தவறு. ஸ்ட்ரெயிட், ஃப்ளஷ் வாய்ப்புகளை மட்டும் பார்த்தால் காய்ந்ததுதான். ஆனால் கையில் ஒன்பது சோடி வைத்திருப்பவர், இப்போது முன்னணியில் இருந்தாலும், பத்திலிருந்து ஆஸ் வரை எந்தச் சீட்டு விழுந்தாலும் தயங்க வேண்டியவர். 47-இல் 20 சீட்டுகள் அப்படிப்பட்டவை, நூற்றுக்கு 43-க்குக் கிட்ட. ஆஸ்-ராஜாவை வைத்து ராஜா-ஏழு-இரண்டைப் பார்ப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. காய்ந்திருப்பது வேறு, நிலைத்திருப்பது வேறு. தாள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஈரமென்றால் பெரிதாக வை என்பது மூன்று வாரங்களுக்கு ஒரு மந்திரம்போல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. மேசை யாருடையது, அதாவது விழுந்த சீட்டுகள் யாருடைய கைக்குச் சாதகம் என்ற கேள்வியோ நான்காம் வாரத்தில் ஒருவர் கேட்ட பிறகுதான் எழுந்தது. மேசையில் சீட்டுகள் விழுமுன் பந்தயத்தை உயர்த்தியவரிடம் பெரிய சோடிகளும் ஆஸ்-ராஜாவும் இருப்பது இயல்பு. பெரிய பிளைண்டிலிருந்து, அதாவது கட்டாயப் பந்தயம் வைக்கும் இடத்திலிருந்து, அந்த உயர்வை வெறுமனே ஒப்புக்கொண்டவரிடம் ஆறு-ஐந்து, ஒன்பது-எட்டு போன்றவை கூடுதலாக இருக்கும். ஆகவே ஒன்பது-எட்டு-ஏழு விழும்போது உயர்த்தியவர் பெரிதாக வைப்பதைவிடப் பல தடவை பந்தயம் வைக்காமல் செக் சொல்லி விடுவதே சரி. நாங்களோ ராணி சோடியை வைத்துக்கொண்டு மந்திரத்தை நம்பி 45 கொட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தோம். சேர் அந்தக் கேள்விக்கு அளித்த பதில் சரியானது, ஆனால் ஒரே வாக்கியம். அது முதல் வகுப்பில் வந்திருக்க வேண்டியது. மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் ஃப்ளொப்பைப் பார்க்கும் நிலை பற்றி ஆறு வாரத்திலும் பேச்சே இல்லை, நம் வீடுகளில் ஆடும்போது எவரும் சீட்டை விடுவதில்லை என்பதால் அதுவே நமக்கு அன்றாடம்.

அறை சுமார். மின்விசிறியைக் கூட்டினால் சீட்டுகள் பறக்கின்றன, குறைத்தால் வியர்க்கிறது. ரயில் போகும்போது சேர் பேச்சை நிறுத்திக்கொண்டு சீட்டைக் கலைப்பார். இடைவேளையில் தரும் இஞ்சி போட்ட பிளேன்டீ நன்றாக இருந்தது. எந்தக் கை எதை வெல்லும் என்பதே தெரியாதவர்கள் இப்போதைக்குச் சேர வேண்டாம், அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. அது தெரிந்தவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் வாரங்கள் மட்டுமே கொடுத்த பணத்துக்குப் போதும் என்பது என் கணிப்பு.

டேர்ன், ரிவர் பற்றிய அடுத்த கட்ட வகுப்பு ஒன்று தொடங்கவிருக்கிறது. தாளைத் திருத்தி அச்சிட்டால் வருகிறேன் என்று சேரிடம் சொல்லி, பென்சிலால் குறித்த என் பிரதியைக் கொடுத்தேன். ராஜா-ஏழு-இரண்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஏழு-நான்கு-இரண்டைப் பற்றி மட்டும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.