நான்கு ஆண்டுகள், ஐந்து புட்டிகள்: ரெசின் மினியேச்சரில் பெயின்ட் நீக்க ஐ.பி.ஏ.

யாரோ பயன்படுத்திய குதிரைவீரன் மினியேச்சர், அதாவது பெயின்ட் தீட்டி வைக்கும் சிறு உருவம், ஒன்றை வாங்கிய நண்பர் சென்ற வாரம் எனக்கு எழுதியிருந்தார். "ரெசின் உருவம்தான். மேலே அடித்திருக்கும் பெயின்ட் எனக்குப் பிடிக்கவில்லை. ஐ.பி.ஏ.வில் ஒரு இரவு ஊற வைத்தால் போய்விடும் அல்லவா?" போய்விடும் என்று எழுதினேன். எழுதியதை உடனே அழித்தேன். "ரெசின்" என்ற சொல்லும் "ஒரு இரவு" என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தால் இப்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

ஐ.பி.ஏ. எனப்படும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். 99 சதவீதச் செறிவு, ஒரு லிட்டர் புட்டி, இப்போது ஐந்தாவது. அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்கள் இதில் குளித்து எழுந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் முழுமையாகப் பாழானது. கணக்குப் பார்த்தால் இது மிக நல்ல விகிதம். ஆனால் அந்த ஒன்றை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பேசப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அக்ரிலிக் பெயின்ட் மீது இது வேலை செய்யும் விதம் பார்க்கப் பார்க்க அலுக்காதது. வாயகன்ற கண்ணாடி ஜாடியில் உருவம் மூழ்கும்வரை ஊற்றி, மூடி போட்டு வைத்தால், சிறிது நேரத்தில் பெயின்டின் ஓரங்கள் சுருங்கி எழும்பும். பாம்பு சட்டை உரிப்பதுபோல் சில இடங்களில் முழுத் தோலாகவே கழன்று வரும். மென்மையான பழைய டூத் பிரஷால் அந்தத் திரவத்துக்குள்ளேயே வைத்துத் தேய்க்க வேண்டும். வெளியே எடுத்துத் தேய்த்தால் ஆல்கஹால் நொடியில் ஆவியாகிவிடும். இளகிய பெயின்ட் மறுபடி உருவத்தின் மேலேயே சாம்பல் நிறப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நான் இரண்டு ஜாடிகள் வைத்திருக்கிறேன். ஒன்று அழுக்கு ஜாடி, மற்றது கடைசி அலசலுக்கு. இந்த இரண்டாவது ஜாடி வந்த பிறகு என் வேலை பாதியாகக் குறைந்தது.

இரண்டு ஆண்டுகள் என் அலமாரியில் நின்ற ஒரு குள்ள வீரனுக்கு இடது காதில் ஒரு வளையம் இருப்பதே பெயின்ட் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முன்பு வைத்திருந்தவர் மூன்று நான்கு பூச்சுகள் அடித்து அதைப் புதைத்துவிட்டார். தாடியின் மயிர்க்கோடுகள், இமையின் விளிம்பு, சங்கிலிக் கவசத்தின் ஒவ்வொரு கண்ணி என்று எல்லாம் தேய்க்கத் தேய்க்க வெளியே வந்தன. அந்தக் காதணியை யாரோ ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துச் செதுக்கியிருக்கிறார். அதை மீட்டுக் கொடுத்தது இந்தப் புட்டிதான். அன்று மாலை முழுவதும் அந்த உருவத்தைக் கையிலேயே வைத்திருந்தேன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். "ரெசின்" என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை இரண்டு வேறு பொருட்கள். ஒன்று வார்ப்பு ரெசின். இரண்டு திரவங்களைக் கலந்து சிலிக்கோன் அச்சில் ஊற்றி இறுகவைப்பது, பெரும்பாலும் பாலியூரித்தேன். இன்னொன்று அச்சு ரெசின். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் புற ஊதா ஒளியால் அடுக்கடுக்காக இறுகவைக்கப்படுவது. பெரும்பாலும் அக்ரிலேட் வகை. கையில் எடுத்தால் இரண்டும் சாம்பல் நிறமாக, லேசாக, ஒன்றுபோலவே இருக்கும். ஆல்கஹாலுக்குள் போட்டால்தான் இவை உறவே இல்லாத இரண்டு பொருட்கள் என்பது தெரியும். என் அனுபவத்தில் வார்ப்பு ரெசின் சில மணி நேரத்தைத் தாங்குகிறது. அச்சு ரெசினோ ஆல்கஹாலை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்கிறது. உப்புகிறது, இளகுகிறது, உலரும்போது வெடிக்கிறது.

நான் முதலில் வாங்கிய புட்டியின் சீட்டில் "ரெசினுக்கு ஏற்றது" என்று தடித்த எழுத்தில் இருந்தது. எந்த ரெசினுக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று ஓர் எழுத்தும் இல்லை. அந்த வாசகத்தை நம்பியவன் நான்.

பாழானது ஒரு வில்லாளிப் பெண். அச்சிட்ட உருவம், 75 மில்லிமீட்டர், காற்றில் பறக்கும் மேலங்கி. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து உருவங்களும் வார்ப்பு வகை என்பதால், வழக்கம்போல் இரவு ஊறப் போட்டேன். காலையில் பெயின்ட் சுத்தமாகப் போயிருந்தது. விரல் இடுக்கில்கூட ஒரு துளி நிறமில்லை. என் குறிப்பேட்டில் "மிக நன்று" என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. சோப்பு நீரில் கழுவி, துணிமேல் வைத்தேன். மறுநாள் மேலங்கியின் ஓரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மூன்றாம் நாள் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். ப்ரைமர், அதாவது பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு, அடிப்பதற்காகத் தூசி தட்டியபோது வில்லைப் பிடித்திருந்த இரண்டு விரல்கள் பிரஷோடு வந்துவிட்டன.

இதுதான் என்னை உறுத்துகிறது. பெயின்டுக்கு ஆகும் மாற்றத்தை ஐ.பி.ஏ. கண்முன்னே காட்டுகிறது. ரெசினுக்கு ஆகும் மாற்றத்தைக் காட்டுவதே இல்லை. ஈரமாக இருக்கும்வரை உருவம் மெருகு குலையாமல் இருக்கிறது; கேடு வெளியே தெரிவது உலர்ந்த பிறகு, நீங்கள் பாராட்டி முடித்த பிறகு. எச்சரிக்கையே தராத பொருளோடு எப்படிக் கவனமாக இருப்பது? கடிகாரத்தை மட்டும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வில்லாளி உள்ளீடற்ற உருவம். அச்சிடும்போது உள்ளே இறுகாத திரவ ரெசின் தங்கிவிட்டால், ஆல்கஹால் படாமலேயேகூட நாளடைவில் அத்தகைய உருவங்கள் வெடிப்பதுண்டு. ஆக, அந்த விரிசலில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் விரல்கள் உள்ளீடற்றவை அல்ல. விரல்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அச்சிட்டு முடித்ததும் அவற்றைக் கழுவுவதே ஐ.பி.ஏ.வில்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் கழுவல் சில நிமிடங்களே நடக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் இறுகாத ரெசினை நீக்குவதற்காக. பிறகு ஆல்கஹால் முழுவதும் உலர்ந்தபின் ஒளியில் வைத்து இறுக்குகிறார்கள். சில நிமிடம் தாங்கும் பொருள் எட்டு மணி நேரமும் தாங்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அதன் பிறகு என் முறை மாறியது. ஊறப் போடுவதற்கு முன் உருவத்தைத் தலைகீழாகத் திருப்பி நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறேன். வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய வரம்பு, ஊசி முனை அளவு காற்றுக்குமிழ்க் குழிகள், வெட்டியெடுத்த தடித்த காம்பின் தழும்பு இவை இருந்தால் வார்ப்பு. சாய்வான பரப்புகளில் வரைபடக் கோடுகள்போல் அடுக்குகள் தெரிந்தாலோ, அடிப்பக்கத்தில் தாங்கு குச்சிகளை ஒடித்த புள்ளிகள் வரிசையாக இருந்தாலோ அச்சு ரெசின். இரண்டுமே தெளிவில்லை என்றால் அச்சு ரெசின் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வார்ப்பு என்றால் அரை மணி ஊறல், தேய்ப்பு, மறுபடி அரை மணி. அச்சு என்றால் ஊறலே கிடையாது. பிரஷை ஐ.பி.ஏ.வில் தோய்த்துப் பகுதி பகுதியாகத் தேய்ப்பேன். மொத்தத்தில் ஐந்து நிமிடம் தாண்டுவதில்லை. மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்வேன். இடுக்குகளுக்குப் பல்குத்தும் மரக்குச்சி போதும். ஊசியோ கத்தியோ வேண்டாம். ஈரமான ரெசின் மிக எளிதாகக் கீறல்படும். முழுச் சுத்தமாக வரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதும் இல்லை. நிறம் ஊறிய கறை இருந்தால் ப்ரைமர் மூடிவிடும். தடிப்பு போனதா என்பதுதான் கேள்வி. முடிந்ததும் நான் குறைந்தது இரண்டு நாள் உலரவிட்டுத்தான் ப்ரைமர் அடிக்கிறேன்.

உலோகப் பளபளப்புப் பெயின்டில் இருக்கும் துகள்கள் மட்டும் கவசத்தின் கண்ணிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எளிதில் நகர மாட்டேன் என்கின்றன. பல ஆண்டுகள் இறுகிய எனாமல் மீது ஐ.பி.ஏ. அதிகம் பலிப்பதில்லை. சூப்பர் க்ளூ மூட்டுகளின் பிடி தளரும், சில கழன்றே வரும். ஜாடியின் அடியில் கிடக்கும் சிறு துண்டுகளைத் தேடி எடுக்காமல் திரவத்தை ஊற்றிவிடாதீர்கள். ஒரு கேடயத்தின் கைப்பிடியை நான் அப்படித்தான் இழந்தேன்.

மற்றவற்றையும் பார்த்துவிட்டேன். அசிட்டோனும் தின்னரும் உலோக உருவங்களுக்கு. ரெசின் பக்கமே கொண்டுவரக் கூடாது. கிளைக்கால் வகை பிரேக் ஆயில், அதாவது டாட் 3, டாட் 4, பெயின்டை உரிக்கும்தான், ஆனால் நச்சு, கழுவவும் சிரமம். பைன் எண்ணெய் கலந்த கிருமிநாசினி மெதுவாக, பரிவோடு வேலை செய்கிறது. ஆனால் அதில் ஊறிய உருவத்தில் தேய்த்து முடிப்பதற்குள் தண்ணீர் பட்டால் இளகிய பெயின்ட் பிசுபிசுப்பான களியாகிவிடும். வாசனையும் நாட்கணக்கில் போகாது. காஸ்டிக் சோடா அடங்கிய கடுமையான துப்புரவுத் திரவங்களைக் கையிலும் கண்ணிலும் படும் வேலைக்கு யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. தூய ஐ.பி.ஏ.வின் தீப்பற்று வெப்பநிலை ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ். அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்து, மேசைக்கு அடியில் தேங்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் சுடரோ சூடேற்றியோ இருக்கக் கூடாது. மீயொலிக் கழுவி (ஒலி அதிர்வால் பொருட்களைச் சுத்தம் செய்யும் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் அதன் தொட்டியில் ஐ.பி.ஏ.வை நேராக ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த இயந்திரம் திரவத்தைச் சூடாக்கும், ஆவியைக் கிளப்பும், உள்ளே மின்சாரம் ஓடும். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். டூத் பிரஷின் மயிர் வளைந்து நிமிரும்போது துளிகள் முகத்தை நோக்கித்தான் தெறிக்கும். பயன்படுத்திய திரவத்தை நான் மூடி வைத்து நிறமிகள் அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து மறுபடி பயன்படுத்துகிறேன். அச்சு ரெசின் தேய்த்த கசடை வெயிலில் இறுகவிட்டு, ஆபத்தான கழிவுகளோடு சேர்க்கிறேன். சாக்கடையில் ஊற்றுவது இல்லை.

நண்பரிடம் குதிரைவீரனின் அடிப்பக்கப் படம் கேட்டேன். வந்தது. குதிரையின் உள்தொடையில் வார்ப்பு அச்சின் வரம்பு, வயிற்றில் மூன்று குமிழ்க் குழிகள். சந்தேகமே இல்லாமல் வார்ப்பு ரெசின். பெயின்டும் அக்ரிலிக்தான், அடியில் ஓரிடத்தில் ஐ.பி.ஏ. தோய்த்த பஞ்சால் துடைத்துப் பார்க்கச் சொன்னேன், பஞ்சில் உடனே நிறம் ஏறியதாம். மேலே நான் எழுதிய அத்தனையும் "தாராளமாக ஊற வையுங்கள்" என்ற பதிலுக்கே கொண்டுபோகிறது. ஐந்து புட்டி தீர்த்தவன் வேறென்ன சொல்ல முடியும்?

ஆனால் நான் சொன்னது: வேண்டாம். அவர் அனுப்பிய படத்தில் பெயின்ட் மெல்லியதாக இருக்கிறது. கடிவாளத்தின் தையல்கூடத் தெரிகிறது. சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மெல்லிய ப்ரைமர் ஒன்று அடித்து அதன் மேலேயே தீட்டுங்கள் என்றேன். பதில் எழுதியபோது அந்த வில்லாளிப் பெண் மேசையில் எனக்கு எதிரே இருந்தாள். அவளை நான் தூக்கிப் போடவில்லை. புதிய பெயின்ட் வகை எதையும் முதலில் அவள் மேலங்கியில்தான் சோதித்துப் பார்க்கிறேன். கணுக்கால் விரிசல் இந்த ஆண்டு முழங்காலைத் தாண்டியிருக்கிறது.