லாமிங்டன் மலைக்கு எந்தப் பக்கமாக ஏறுவது?

பிரிஸ்பேனுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், "பக்கத்தில் அருவி ஏதாவது இருக்கா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. நான் கைகாட்டுவது லாமிங்டன் தேசியப் பூங்காவை. 1915 முதல் காக்கப்பட்டு வரும் மழைக்காடு. ஐந்நூறுக்கும் மேலே அருவிகள். போவது முடிவானதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: பின்னா பராவா, ஓ'ரெய்லிஸா?

இரண்டும் ஒரே பூங்காவின் இரண்டு வாசல்கள். பின்னா பரா கிழக்குப் பக்கம். ஓ'ரெய்லிஸ் என்று எல்லாரும் சொல்லும் கிரீன் மவுண்டன்ஸ் மேற்குப் பக்கம். மேலே இரண்டையும் இணைப்பது 21.4 கிலோமீட்டர் நீளமுள்ள பார்டர் ட்ராக் என்ற நடைபாதை மட்டும்தான். காரில் என்றால் ஒரு மலையை விட்டு இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கிளம்பினால் பொழுது முழுக்கக் காருக்குள்ளேயே போய்விடும்.

குற்றாலத்தை மனசில் வைத்துக்கொண்டும் போகாதீர்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு தலையைக் கொடுக்கும் அருவிகள் இல்லை இவை. சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை கக்கிய குழம்பு அடுக்கடுக்காக உறைந்து, பிறகு ஆறுகள் அதை அறுத்து அறுத்து உண்டான நிலம் இது. அதனால் ஓடை ஓடிவந்து திடீரென்று செங்குத்தாக விழும். பெரிய அருவிகளை எதிர்ப்பக்கத்து விளிம்பில் நின்றுதான் பார்க்க முடியும். அதற்கும் நடந்தாக வேண்டும்.

அருவிக்காகவே போகிறீர்கள் என்றால் என் ஓட்டு பின்னா பராவுக்கு. காரணம் கூமெரா சுற்றுப்பாதை. 17.4 கிலோமீட்டர், ஏழு மணி நேரம். முதலில் நிழலான பாதையில் போய், பிறகு பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். தண்ணீர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே இரைச்சல் கேட்கும். பார்வைமேடையில் நின்றால் 64 மீட்டர் உயரக் கூமெரா அருவி எதிரே ஒரே பாய்ச்சலாக இறங்குகிறது. அதோடு முடியவில்லை. அதற்கு மேல் பாதை ஆற்றை ஒட்டியே ஏறும். கல்லுக்குக் கல் தாண்டி ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டும். வளைவுக்கு வளைவு ஒரு சிற்றருவி.

ஒருமுறை மழை விட்ட மறுநாள் போயிருந்தோம். பாதை நடுவிலேயே கருநீல உடம்பும் வெளிறிய கொடுக்குமாக ஒரு கிரேஃபிஷ் உட்கார்ந்திருந்தது. இறாலுக்கும் நண்டுக்கும் இடைப்பட்ட உருவம். எங்களைக் கண்டதும் ஓடவில்லை. இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு நின்றது. நாங்கள்தான் சுற்றிக்கொண்டு போனோம். அன்றைக்குப் பத்தரை மணிக்கு நடக்கத் தொடங்கியது எங்கள் தப்பு. ஆற்றில் காலை வைக்க வேண்டிய கற்கள் எல்லாம் முழுகிக் கிடந்தன. திரும்பிவிட்டோம். கார் நிறுத்திய இடத்துக்கு வரும்போது ஃபோன் வெளிச்சம்தான் துணை. காலை எட்டு மணிக்குள் காலடி வைக்க முடியாவிட்டால் இந்தப் பாதையை அன்று விட்டுவிடுங்கள்.

பின்னா பராவில் 1933 முதல் இருந்த பழைய விடுதி 2019 செப்டம்பர் காட்டுத்தீயில் எரிந்துபோனது. ஈரம் காயாத காடு என்று நாம் நம்பும் இடத்தின் ஓரம்வரை தீ வந்தது என்பதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அம்மா வந்திருந்தபோது கிரீன் மவுண்டன்ஸ் பக்கம்தான் கூட்டிப் போனேன். அடிவாரத்து ஊரான கனுங்ராவிலிருந்து ஏறும் சாலை குறுகல், வளைவுக்கு மேல் வளைவு. குமட்டல் வருகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வையுங்கள். ஆனால் மேலே போய்விட்டால் சுலபம். மரங்களின் நடு உயரத்தில் ஒன்பது தொங்குபாலங்களைக் கோத்துக் கட்டிய நடைபாதை இருக்கிறது. மழைக்காட்டைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் இருட்டுதான் தெரியும். அங்கே நின்றால் ஒட்டுச்செடிகளும் பெரணிகளும் கண்ணுக்கு நேரே. முழங்கால் வலியோடு இருந்த அம்மா அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றார். சிவப்புக் கிளிகள் தோளிலேயே வந்து உட்காரும்.

அருவிக்கு மோரன்ஸ் போதும். போக வர நாலு கிலோமீட்டர் சொச்சம். திரும்பும்போதுதான் ஏற்றம், அதை மட்டும் நினைவில் வையுங்கள். கொஞ்சம் தெம்பு இருந்தால் எலபானா அருவி. இந்தப் பக்கத்திலும் டூலோனா ஓடைச் சுற்றுப்பாதை என்று நாள் முழுக்க நடக்கும் வழி ஒன்று உண்டு. அழகில் அது கூமெராவுக்குக் குறைந்ததில்லை. ஆனால் வார இறுதியில் விடுதியைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். காட்டின் அமைதி வேண்டுமென்றால் வேலை நாளில் போங்கள்.

ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி இரண்டு பக்கமும் உண்டு. நீளமான காலுறை போடுங்கள். அதைவிட முக்கியம், பாதையோரம் இதய வடிவில் அகலமான இலையோடு நிற்கும் ஸ்டிங்கிங் ட்ரீயைத் தொடவே கூடாது. நம் ஊர்ச் செந்தட்டியைப் பல மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை அருவிகள் நிறைந்து விழும். பாதைகள் மூடப்படுவதும் பெரும்பாலும் அப்போதுதான். அதனால் கிளம்புகிற அன்று காலை பூங்காத் துறையின் அறிவிப்பை ஒருமுறை பாருங்கள். கூமெரா மூடியிருந்தால் யோசிக்காமல் வண்டியைக் கனுங்ரா பக்கம் விடுங்கள்.