பெரியப்பாவின் குடமும் ஈக்குவலைசர் ஏபிஓவும்: ஐந்து வருடப் பயன்பாடு

எங்கள் வீட்டுக் கணினிக்கு ஈக்குவலைசர், அதாவது ஒலியின் அடி, நடு, உச்சிப் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள், வந்ததற்குக் காரணம் ஒரு கேசட். என் பெரியப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். முக்கூடல் பக்கத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் 1989-ல் நடந்த கொடைவிழாவில், மேடைக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து அப்பா பதிந்த 90 நிமிடக் கேசட் அது. பல வருடம் பீரோவுக்குள் கிடந்ததை எடுத்து, ஒரு பழைய டெக்கில் ஓடவிட்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரல் மூலம் கணினிக்கு மாற்றினேன். பாளையங்கோட்டை வீட்டு முன்னறையில் அப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டார்.

"எம்மா, இது எங்க அண்ணன் அடிச்ச குடம் இல்ல. அவன் அடிச்சா நெஞ்சுல வந்து விழும். இது தகர டப்பாவத் தட்டுன மாரி இருக்கு."

அம்மா அடுப்படியில் இருந்தே சொன்னாள்: "ஏட்டி, சத்தத்தக் கொஞ்சம் கொற. காதுக்குள்ள ஊசி வச்சுக் குத்துது."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். குடம் காணோம், மைக் செட்டின் கூம்புக் குழாய்ச் சத்தம் மட்டும் காதைத் துளைத்தது. இந்த இரண்டையும் சரிசெய்யத்தான் இலவச ஈக்குவலைசர்களைத் தேட ஆரம்பித்தேன். அப்படிப் போட்ட ஒன்றை ஐந்து வருடமாகத் தினமும் பயன்படுத்துகிறேன். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். பாட்டு, வீடியோ ஓட்டும் விஎல்சி நிரலில் பத்துப் பட்டை ஈக்குவலைசர் இருக்கிறது. இடது பக்கப் பட்டைகள் அடிச் சத்தத்துக்கு, வலது பக்கம் உச்சிச் சத்தத்துக்கு. குடம் கேட்கவில்லையா, இடது பக்கம் இருக்கிற இரண்டு மூன்று பட்டைகளை மேலே தூக்கு. தூக்கினேன். குடம் வரவில்லை, ஸ்பீக்கர் கரகரத்தது. கணினி ஒலிக்கு ஒரு உச்ச அளவு உண்டு. பதிவு ஏற்கெனவே அந்த உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பட்டையை 6 டெசிபல் (சத்தத்தின் அளவு) தூக்கினால், மேலே போக இடம் இல்லாமல் அலையின் தலை வெட்டுப்படும். கரகரப்பு அதுதான். 6 டெசிபல் என்றால் அந்தப் பகுதியில் ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு திறன் கொடுக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சின்ன ஸ்பீக்கர் பாவம், எங்கே போகும்?

விஎல்சியில் இன்னொரு வரம்பு, அது தன்னில் ஓடும் கோப்புக்கு மட்டும்தான் வேலை செய்யும். பிரவுசரில் கேட்பதற்கு அது உதவாது. எனக்குக் கணினியில் எது பாடினாலும் ஒரே இடத்தில் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இடையில் "இலவசம்" என்று போட்டிருந்த ஒரு மென்பொருளை ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்து இறக்கினேன். பெயர் வேண்டாம். நிறுவியதும் கூடவே நான் கேட்காத இரண்டு நிரல்கள் உட்கார்ந்துகொண்டன. பாஸ் (அடிச் சத்தம்) பட்டையைத் தொட்டால் காசு கட்டச் சொன்னது. அதைத் துடைத்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஈக்குவலைசரை அதை எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

அப்புறம்தான் ஈக்குவலைசர் ஏபிஓ. திறந்த மூலம், முழு இலவசம், விளம்பரம் கிடையாது. விண்டோஸின் ஒலி எஞ்சினுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்வதால் பிரவுசர், விஎல்சி, வீடியோ அழைப்பு எல்லாமே அதன் வழியாகப் போகும். நிறுவும்போது எந்தெந்தச் சாதனத்துக்கு வேண்டும் என்று ஒரு பெட்டி கேட்கும். உங்கள் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் டிக் போட்டுவிட்டுக் கணினியை ஒரு தடவை அணைத்துத் திறக்க வேண்டும். அமைப்புகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் இருக்கின்றன. நோட்பேடில் திறந்து ஒரு எண்ணை மாற்றிச் சேமித்தால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் உடனே மாற்றம் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் குணம்தான். கணினி மாற்றியபோது அந்த ஒரு கோப்பை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

எழுத்துக் கோப்பு பயமாக இருந்தால் அதன் மேல் உட்காரும் பீஸ் என்ற இன்னொரு இலவச நிரல் இருக்கிறது. நகர்த்துகிற பட்டைகளும், பெயர் வைத்துச் சேமிக்கிற வசதியும் தரும். அம்மாவுக்கு நான் அதில்தான் "பாட்டு", "செய்தி" என்று இரண்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

சரி, குடத்துக்கு வருவோம்.

வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். முன்நின்று பாடும் புலவர் வீசுகோலால் நாணைத் தட்டும்போது வில்லில் தொங்கும் மணிகள் சிலுசிலுக்கும். குடக்காரர் குடத்தின் வாயில் அடிக்கும்போது "பம்" என்று அடியிலிருந்து ஒரு சத்தம் எழும். உடுக்கும் தாளமும் நடுவில். அதாவது இந்தக் கலையில் சத்தம் அடியிலும் உச்சியிலும் விரிந்து கிடக்கிறது. ஆனால் மைக் செட்டின் கூம்புக் குழாய்க்கு அடிச் சத்தம் வராது, நடுவிலும் மேலும்தான் அது கத்தும். அப்பா டேப் ரெக்கார்டரை மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால் குடத்தின் நேர்ச் சத்தமும் கேசட்டில் விழுந்திருந்தது. குழாயின் கத்தல் அதை மூடியிருந்தது, அவ்வளவுதான்.

ஆடாசிட்டியில் ஒலிப் பகுதியைத் தேர்ந்தெடுத்து எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் அலைவரிசைப் படம் போட்டுப் பார்க்கலாம். ஹெர்ட்ஸ் எண் சிறிதானால் அடிச் சத்தம், பெரிதானால் உச்சிச் சத்தம். பார்த்தேன். 110 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு சின்ன மேடு, அது குடம். 2500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மலை, அது குழாய். அப்போதுதான் மண்டையில் உறைத்தது: தூக்க வேண்டியது குடத்தை அல்ல, இறக்க வேண்டியது குழாயை. 2500-ல் 7 டெசிபல் குறைத்தேன், 4000-ல் இன்னொரு 3. ஏபிஓவில் இப்படிக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு வடிப்பானுக்கும் "க்யூ" என்று ஒரு எண் உண்டு. எண் சிறிதானால் அகலமாக வெட்டும், பெரிதானால் கத்தி முனை மாதிரி வெட்டும். குழாய்க்கு 1.2 வைத்தேன். பிறகு 110-ல் வெறும் 3 டெசிபல் தூக்கி, முன்பெருக்கத்தை (மொத்த ஒலியையும் சேர்த்துக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) 3 டெசிபல் இறக்கினேன். எவ்வளவு தூக்குகிறீர்களோ அவ்வளவு முன்பெருக்கத்தில் இறக்கினால் தலை வெட்டுப்படாது. மொத்தச் சத்தம் குறையும், ஸ்பீக்கர் குமிழைத் திருப்பிக்கொள்ளலாம்.

குடம் வந்தது. ஆனால் கூடவே ஒரு "ம்ம்ம்" என்ற ரீங்காரமும் மேலே வந்தது. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100-ம் பதிவுக்குள் நுழைந்துவிடும். ஒற்றை அலைவரிசையை மட்டும் வெட்டும் வடிப்பானை 100-ல் போட்டேன். ரீங்காரம் அசையவில்லை. மெதுவாக நகர்த்தினேன், 99, 98... 97-ல் வைத்ததும் சட்டென்று நின்றது. ஏன் 97? அந்தக் காலத்து மின்சாரமே 50-க்குக் கீழே ஓடியிருக்கலாம், இல்லையென்றால் என் டெக் மெதுவாகச் சுற்றலாம். சந்தேகம் தீர ஒரு கடைக் கேசட்டைப் போட்டு, அதே பாட்டின் டிஜிட்டல் பிரதியோடு நேரம் பார்த்தேன். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்பது நொடி கூடுதலாக ஓடியது. 3 சதவீதம், கணக்கு அப்படியே பொருந்தியது. குரலும் அதனால்தான் கொஞ்சம் சுருதி இறங்கி, கனத்துக் கேட்டிருக்கிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி பெல்ட்டை மாற்றி, மோட்டாரில் இருக்கும் சின்னத் திருகைச் சரிசெய்து கொடுத்தார். "ஹெட்டும் சாஞ்சிருக்கும்மா, அதான் மணிச் சத்தம் மங்குது" என்று இன்னொரு திருகையும் தொட்டார். நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வால் போன உச்சி ஒலியை எந்த ஈக்குவலைசராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அவர் கை வைத்த பிறகு மறுபடி பதிந்தேன். மணிகள் தனித்தனியாகக் கேட்டன. ரீங்காரம் 100-ஐ ஒட்டி வந்து நின்றது. அதை க்யூ 30 வைத்து வெட்டினேன். மூன்று ஹெர்ட்ஸ் அகலத்துக்குத்தான் வெட்டுப்படும், பத்து ஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளி இருக்கிற குடத்துக்குச் சேதம் இல்லை.

இதையெல்லாம் கோப்பிலேயே நிரந்தரமாகச் செய்துவிடலாமே என்று என் தம்பி கேட்டான். செய்யவில்லை. கேசட்டிலிருந்து வந்த கோப்பை வந்தபடியே வைத்திருக்கிறேன். திருத்தம் எல்லாம் கேட்கும் நேரத்தில் மட்டும். நாளைக்கு என் காதோ ஸ்பீக்கரோ மாறினால் எண்ணை மாற்றிக்கொள்ளலாம், மூலத்தைக் கெடுத்துவிட்டால் கெடுத்ததுதான்.

மீதி ஐந்து வருடத்தில் தெரிந்துகொண்டவற்றில் அறையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எங்கள் முன்னறை பத்தடி அகலம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். பத்தடி அகல அறையில் 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சத்தம் சுவருக்குச் சுவர் மோதி வீங்கும். அடிச் சத்தத்துக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை மூலையில் வைத்திருந்தேன், அது இன்னும் வீங்கியது. முதலில் மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தினேன். அந்த நகர்த்தலில் கிடைத்தது எந்த வடிப்பானிலும் கிடைக்கவில்லை. பிறகுதான் 57-ல் 5 டெசிபல் குறைத்தேன். சுவரோரம் சுருட்டி வைத்த பாயும், ஜன்னலுக்குக் கனத்த திரையும் எதிரொலியைக் குறைத்தன. எதிரொலியை ஈக்குவலைசரால் நீக்க முடியாது.

ஹெட்போனுக்கு ஆட்டோஈக்யூ என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஹெட்போன் மாடல்களுக்கு அளவெடுத்த திருத்தங்களை ஏபிஓவுக்கு ஏற்ற எழுத்துக் கோப்பாகவே தருகிறார்கள். என்னுடையதற்கு இறக்கிப் போட்டேன். முதல் நாள் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்து அணைத்துப் பார்த்தபோது பழைய ஒலிதான் கூச்சலாகப் பட்டது. ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதைத்தான் "நல்லா இருக்கு" என்று சொல்லும்.

மைக்குக்கும் ஏபிஓ வேலை செய்யும். ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நம்ம ஊர் சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வகுப்பெடுக்க முடியாது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிப்பான் ஒன்று போட்டதும் விசிறியின் உறுமல் குறைந்தது.

குறைகளும் உண்டு. ஒலி டிரைவர் புதுப்பிக்கப்பட்டால் சில சமயம் ஏபிஓவின் பிடி விட்டுப்போகும். அந்தச் சாதனப் பெட்டியைத் திறந்து மறுபடி டிக் போட வேண்டும். விண்டோஸ் அமைப்பில் ஒலி மேம்பாடுகளை அணைத்து வைத்திருந்தாலும் வேலை செய்யாது. ஒலிச் சாதனத்தைத் தனக்கே பிடித்துக்கொண்டு ஓடும் சில பாட்டு நிரல்களும், விண்டோஸின் ஒலி எஞ்சினைத் தொடாமல் ஏஎஸ்ஐஓ வழியாகப் போகும் ஒலிப்பதிவு நிரல்களும் இதன் கைக்கு அகப்படாது. முக்கியமாக, ஆடாசிட்டியில் திருத்த உட்காரும்போது ஏபிஓவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே திருத்திய ஒலியைக் கேட்டுத் திருத்துவீர்கள்.

இவ்வளவு வேண்டாம், இரண்டு மூன்று பட்டை நகர்த்தினால் போதும் என்பவர்களுக்கு எஃப்எக்ஸ்சவுண்ட் போதும். முன்பு காசுக்கு விற்றது, இப்போது இலவசம். பார்க்கவும் எளிது. ஆனால் ஒற்றை ரீங்காரத்தைக் குறிபார்த்து வெட்டுகிற வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். என் சித்தி மகளிடம் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி இருக்கிறது. அதில் லினக்ஸ் போட்டு ஈஸிஎஃபெக்ட்ஸ் வைத்திருக்கிறாள். அதுவும் எல்லா நிரலுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. ஆனால் மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரில் குடத்தை எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சின்ன வட்டத்துக்கு அந்த அடிச் சத்தம் வராது, எவ்வளவு தூக்கினாலும் கரகரப்புதான் மிஞ்சும்.

மறுபதிவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். புலவர் பாட, பின்பாட்டுக்காரர் "ஆமா" போட, மூன்றாவது அடியில் குடம் விழுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வலது கையை முட்டியில் வைத்து, அந்த அடிக்கு அடி தட்ட ஆரம்பித்தார். ஒரு இடத்தில் பெரியப்பா தாளத்தை வேண்டுமென்றே அரை அடி தள்ளி அடிக்கிறார், அப்பாவின் கையும் சரியாக அங்கே தள்ளி விழுந்தது. அம்மா அடுப்படியில் இருந்து வந்து கதவோரம் நின்றாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

பீரோவில் இன்னும் பதினொரு கேசட் இருக்கிறது. ஒன்றில் கணியான் கூத்து, இரண்டு மகுடப் பறையும் சேர்ந்து ஒலிக்கிற பதிவு என்று அப்பா சொல்கிறார். அதில் பூஞ்சை பிடித்திருக்கிறது. மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறேன்.