பிளெண்டரில் நாலு வருஷம்

2021 ஆகஸ்டில் பிளெண்டர் என்ற இலவச 3டி அனிமேஷன் சாஃப்ட்வேரின் 2.93 வெர்ஷனை இறக்கினேன். இப்போது ஓடுவது 4.5. கோவில்பட்டியில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணும் வேலையை இடையில் விடவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் அனிமேஷன். "காசு கட்டாம, வீட்லயே கத்துக்கிட்டு வேலைக்குப் போயிரலாமா?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் மூணு மாசம் வீண். எல்லாரையும் போல டோனட் செய்தேன், அப்புறம் நாற்காலி, குத்துவிளக்கு. அனிமேஷன் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ஒரு கீஃப்ரேம்கூட (இந்த நேரத்தில் பொருள் இந்த இடத்தில் என்று குறிக்கும் புள்ளி, சுருக்கமாகக் கீ) போடவில்லை. லேப்டாப்பில் நம்பர் பேட் வேறு கிடையாது. வீடியோவில் "நம்பேட் ஜீரோவை அழுத்துங்க" என்பார்கள். நான் மேல்வரிசை ஜீரோவை அழுத்திக்கொண்டே இருப்பேன், கேமரா வரவே வராது. பிரிஃபரன்ஸில் 'எமுலேட் நம்பேட்' என்று ஒரு டிக் இருப்பது ரெண்டு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

உண்மையில் பாடம் தொடங்கியது ஒரு பந்தில். மேலே ஒரு கீ, தரையில் ஒரு கீ, மறுபடி மேலே ஒரு கீ. பிளே பண்ணினால் பந்து தரைக்குப் பக்கத்தில் வந்ததும் தயங்கி, மெதுவாகத் தொட்டுவிட்டு எழுந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னல இது, பஞ்சு மெத்தையில விழுற மாதிரி விழுது?" என்றார். சரியாகச் சொன்னார். பிளெண்டர் தானாகவே ஒவ்வொரு கீயின் இரண்டு பக்கமும் வேகத்தைக் குறைத்து வளைத்துவிடும். உச்சியில் அது சரி. தரையில் தப்பு, அங்கே பந்து முழு வேகத்தோடு மோத வேண்டும்.

சுவரில் சாக்பீஸால் ஒரு மீட்டர் உயரத்தைக் குறித்து, ரப்பர் பந்தைப் போட்டு மொபைலில் எடுத்தேன். விழ அரை செகண்டுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகிறது. செகண்டுக்கு 24 ஃப்ரேம் என்றால் சுமார் 11 ஃப்ரேம். நான் கொடுத்திருந்தது 30! அதோடு, சம நேர இடைவெளிகளில் விழும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகிறது. பிளஸ் ஒன்னில் மார்க்குக்காக மனப்பாடம் செய்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் தரைக் கீயைப் பிடித்து, V அழுத்தி, அதன் ஹேண்டிலை (வளைவைத் திருப்பும் பிடி) 'வெக்டர்' ஆக்கியதும் வளைவு கூராக மாறியது. பந்து நறுக்கென்று மோதியது. அந்த ஒரே கீக்கு எனக்கு ஆனது பதினோரு நாள்.

ரெண்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும் கணக்கிட்டுப் படமாக்குவது பற்றிச் சுருக்கமாக. என் கிராஃபிக்ஸ் கார்டு 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650. பிளெண்டரின் தத்ரூபமான, ஆனால் மெதுவான ரெண்டர் முறையான சைக்கிள்ஸில் ஒரு ஃப்ரேமுக்கு 4 நிமிஷம். 10 செகண்ட் என்றால் 240 ஃப்ரேம், ஆக 16 மணி நேரம். விவரம் தெரியாமல் நேரடியாக எம்பி4 போட்டேன். விடியற்காலை கரண்ட் போனது. பழைய லேப்டாப், பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஃபைல் திறக்கவே இல்லை. அதற்கப்புறம் பிஎன்ஜி படங்களாகத்தான் எடுக்கிறேன். நின்ற இடத்திலிருந்து தொடரலாம். பயிற்சிக்கு அதைவிட வேகமான ஈவீ முறை தாராளமாகப் போதும்.

அப்டேட்டும் ஒரு தொல்லைதான். கேரக்டரை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூட்டுக்கு ரிக் என்று பெயர். 4.0-இல் அதன் எலும்பு லேயர்களை எடுத்துவிட்டு 'போன் கலெக்ஷன்' கொண்டுவந்தார்கள். நல்ல மாற்றம், ஆனால் நான் பாதி பார்த்திருந்த ரிக்கிங் பாடம் ஒரே ராத்திரியில் பழசாகிப் போனது. ஒரு பாடத்தில் இறங்கினால் முடிகிறவரை அதே வெர்ஷனில் இருங்கள். ரிக்கை நீங்களே செய்ய வேண்டும் என்றும் இல்லை. பிளெண்டர் ஸ்டுடியோ கொடுக்கும் 'ரெயின்', 'ஸ்னோ' ரிக்குகள் இலவசம். நான் அதில்தான் நடை அனிமேஷன் பழகினேன்.

இனி வேலை. நான் பார்த்த விளம்பரங்களில் பெரும்பாலும் மாயா என்ற காசு கட்டும் அனிமேஷன் சாஃப்ட்வேரைத்தான் கேட்டார்கள். நடுவில் பயந்துபோய் ஒரு பயிற்சி மையத்தில் அட்வான்ஸ் கட்டினேன். முதல் மாசம் அங்கே ஓட்டியது நான் வீட்டில் பார்த்த அதே யூடியூப் வீடியோக்கள். பணம் திரும்பி வரவில்லை. மாயாவை டிரையலில் போட்டுப் பார்த்தேன். பொத்தான் எங்கே இருக்கிறது என்று பழக மூணு வாரம் ஆனது; கிராஃப் எடிட்டரைத் திறந்தால் அதே வளைவு.

2025 மார்ச்சில், பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' படம் ஆஸ்கர் வாங்கியபோது மாமா பையன், "உன் சாஃப்ட்வேருக்கு ஆஸ்கராம்ல!" என்று மெசேஜ் போட்டான். அந்த லாட்வியா இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் தன் முந்தைய முழுநீளப் படத்தைத் தனியாளாக, அதுவும் மாயாவில் செய்தவர். இதை அவனுக்கு எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

அதே வருஷம் ஒரு ஸ்டுடியோவின் டெஸ்ட்: கனமான பெட்டியை ஒருவர் தூக்க வேண்டும், மூணு நாள் அவகாசம். தேறவில்லை. "பெட்டியில் கனம் தெரியவில்லை, இடுப்பு நகரவே இல்லை" என்று ஒரு வரியில் பதில். கையை முதலில் கீ போட்டு, உடம்பை அதற்குப் பின்னால் இழுத்திருந்தேன். கோபம் வந்தது, ஆனால் திருப்பிப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி.

இதுவரை இதில் கையில் வந்தது கல்யாண வீடியோவுக்குப் பிள்ளையார் ஓப்பனிங், 30 செகண்டுக்கு மூவாயிரம் ரூபாய். ஆல்பக் கடை அண்ணாச்சி இப்போது இதற்கென்றே தனி ரேட் போட்டிருக்கிறார். ஸ்டுடியோ வேலை கிடைக்கவில்லை. வேலை கேட்கும்போது காட்டும் மாதிரி வீடியோவான ஷோரீலில் சுற்றிக்கொண்டிருந்த டோனட்டையும் குத்துவிளக்கையும் தூக்கிவிட்டேன். மிச்சம் 40 செகண்ட்.

அதில் சேர்க்க ஒரு ஷாட் செய்துகொண்டிருக்கிறேன்: குடத்தைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஏற்றுவது. அம்மாவையே தூக்கச் சொல்லி எடுத்தேன். குடம் கிளம்பும் முன்னாலேயே இடுப்பு எதிர்ப்பக்கம் ஒதுங்குகிறது, சும்மா இருக்கும் கை தானாக விரிகிறது. முதல் பிளேபிளாஸ்டை (ரெண்டர் செய்யாத முன்னோட்ட வீடியோ) காட்டியபோது, "குடத்துல தண்ணியே இல்லபோலயே" என்றார். இடுப்பை நாலு ஃப்ரேம் முன்னால் தள்ளி, தோளைப் பின்னால் தாமதிக்கவிட்டு நேற்று மறுபடி காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அரைக்குடம்" என்றார்.