வயிற்றுப்போக்குக்கு எது: கடல் திராட்சையா, செங்கண்டலா?

கரீபியன் நாடான ஹைட்டியில் இலை வைத்தியரை ‘டொக்தே ஃபேய்’ என்பார்கள். ஆஸ்பத்திரி எட்டாத ஊர்களில் வயிறு கெட்டால் பலர் முதலில் போவது அவரிடம்தான். கடலோரத்தில் இதற்குக் கைகொடுக்கும் மரங்களில் இரண்டு, கடல் திராட்சையும், உப்புநீர்ச் சதுப்பில் வளரும் அலையாத்தி மரமான செங்கண்டலும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் குடலின் உட்படலத்தை இறுக்கி, நீர் கசிவதைக் குறைக்கும்.

கடல் திராட்சை மணலிலேயே வளரும். தட்டு மாதிரி வட்டமான தடித்த இலை, அதில் சிவந்த நரம்புகள். பட்டையைக் கீறினால் சிவப்புச் சாறு வடிந்து பிசினாகக் காயும். ஒரு காலத்தில் இது ‘மேற்கிந்தியக் கினோ’ என்ற பெயரில் மருந்துச் சரக்காக விற்றது. நம் வேங்கைப் பிசினும் கினோதான், அதே துவர்ப்பு. வேரையும் பட்டையையும் கஷாயமிட்டு வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் கொடுப்பார்கள். பழத்தைத் தின்னலாம், ஆனால் கொத்து மொத்தமாகப் பழுக்காது, ஒவ்வொன்றாகத்தான் பறிக்க வேண்டும்.

செங்கண்டல் பிச்சாவரத்துச் சுரபுன்னையின் நெருங்கிய உறவு. தோல் பதனிடவே இதன் பட்டையைப் பயன்படுத்தினார்கள் என்றால் துவர்ப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டைப்புண்ணுக்குக் கொப்பளிக்கவும் புண்ணைக் கழுவவும் இதுதான் பொருத்தம். கியூபாவில் இந்தப் பட்டைச் சாற்றைப் புண் ஆற்ற விலங்குகளிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

உள்ளுக்குக் குடிக்க என்றால் நான் கடல் திராட்சை பக்கம்தான். செங்கண்டல் அவ்வளவு துவர்ப்பு; டானின் மிஞ்சினால் வயிற்றை அரிக்கும், உணவிலுள்ள இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாது. இன்னொரு காரணம் மரமே. கடல் திராட்சையை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேலியாகக்கூட வளர்க்கிறார்கள். செங்கண்டலின் முற்றிய கிளையை வெட்டினால் துளிர்க்காது, பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரமே செத்துவிடும். ஹைட்டியின் வடகிழக்கில், கரகோல் விரிகுடாவில், ஏற்கெனவே கரிக்காகக் கண்டலை வெட்டுகிறார்கள். மீன்குஞ்சுக்கும் புயல் அலைக்கும் நடுவே நிற்கும் மரத்தை, மாற்று இருக்கும்போது ஏன் உரிக்க வேண்டும்?

ஆனால் காலராவுக்கு இரண்டும் போதாது. 2010 அக்டோபரில் ஹைட்டியின் அர்த்திபோனித் ஆற்றோரம் பரவிய காலரா பல ஆயிரம் பேரைக் கொன்றது. அங்கே உயிரைக் காப்பது இழந்த நீரும் உப்பும் திரும்பக் கிடைப்பதுதான்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைக் குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.