தீ அணைந்த மறுவாரம் தீயணைப்பு சிலிண்டர் விற்க வருவார்கள், கடைத்தெருக்காரர்கள் உஷார்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் போன மாதம் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்று எரிந்தது. அது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. புகை வாடை போவதற்குள் ஒரு கூட்டம் கடைத்தெருவுக்குள் நுழைந்து, தீயணைப்பான் என்ற பெயரில் காலி இரும்புக் குடுவைகளைக் கடைக்குக் கடை விற்றுவிட்டுப் போய்விட்டது. என் ஜெராக்ஸ் கடைச் சுவரிலும் ஒன்று மாட்டியிருக்கிறது. அதே ஆட்களை வேறு ஊர்களில் பார்த்ததாக இரண்டு மூன்று பேர் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

தீ பிடித்தது ராத்திரி கடை சாத்திய பிறகு. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டும் தெய்வச் செயல். ஆனால் மேல்மாடி முழுக்கப் பண்டிகைச் சரக்கு. பாலியஸ்டர் புடவை எரிகிற நாற்றம் பேருந்து நிலையம் வரை அடித்தது. வெளியூர்களிலிருந்து வண்டிகள் வந்தும் கடைத்தெருவுக்குள் நுழைய முடியவில்லை. இந்தப் பக்கம் தகரப் பந்தல், அந்தப் பக்கம் விளம்பரப் பலகை, நடுவில் யாரோ பூட்டிவிட்டுப் போன வேன். நாங்களே தகரங்களைப் பிடுங்கிப் போட்டு வழி செய்தோம். பின்பக்க மாடிப்படியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்ததால் தீயணைப்பு வீரர்கள் அந்த வழியாக ஏறவே முடியவில்லை. பகலில், வாடிக்கையாளர் இருக்கும் நேரத்தில் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விடியும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் டீக்கடையில் ஆளுக்கொரு காரணம். மின்கசிவு என்றார் ஒருவர். இன்சூரன்ஸுக்காக முதலாளியே வைத்தது என்றார் இன்னொருவர். அவர் சும்மா இருந்திருக்கலாம், அந்த முதலாளி நடுத்தெருவில் உட்கார்ந்து அழுததை ஊரே பார்த்தது. காரணம் எதுவோ, பயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது.

டெல்டாக்காரர்களுக்குத் தீ என்றால் வெறும் செய்தி இல்லை. 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு சமயத்தில் யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீயில் மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேலே. அதே வருடம் ஜூலை 16, கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். இங்கே எந்த வீட்டில் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றில் தெரிந்தவர் ஒருவரை இழந்த கதை இருக்கும். என் அம்மா இன்றைக்கும் கீற்றுப் பந்தல் போட்ட கல்யாணம் என்றால் வாசலோடு மொய் எழுதிவிட்டு வந்துவிடுவார்.

வந்தவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். மூன்று பேர். வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட், கழுத்தில் சிவப்பு நாடாவில் அடையாள அட்டை. அட்டையில் 'தீ பாதுகாப்பு' என்ற எழுத்து மட்டும் பெரிதாக இருந்தது, மற்றதெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவு. கையில் ஒரு ஃபைல். அதில் முத்திரை போட்ட ஒரு தாள், "கலெக்டர் ஆர்டர்" என்றார்கள். படிக்கக் கொடுங்கள் என்றால் மடக்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

பேசியவர் அதட்டவே இல்லை. ரொம்ப மரியாதை. "சார், பக்கத்துலயே கும்பகோணம். 94 குழந்தைங்க. நாம பாடம் கத்துக்கணும்ல சார்?" என்று ஆரம்பித்தார். அந்த எண்ணைக் கேட்ட பிறகு எதிரே நிற்பவன் விலையைப் பற்றி வாய் திறப்பானா? அப்புறம் மெதுவாக அடுத்ததை எடுத்தார். வரும் வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதாம், சிலிண்டர் இல்லாத கடைக்கு சீல் வைப்பார்களாம், இப்போதே வாங்கினால் "ஆய்வு முடிந்தது" என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்களாம். ஆறு கிலோ சிலிண்டர் 4,800 ரூபாய். இன்றைக்கு மட்டும் 4,300. எதிர்க்கடைக்காரர் வாங்கி, கதவில் ஸ்டிக்கரும் ஏறிவிட்டது. நானும் ஜிபே பண்ணினேன். பணம் போய்ச் சேர்ந்த பெயர் ஏதோ தனி ஆளின் பெயர், கம்பெனி பெயர் இல்லை. பில் என்று கொடுத்த தாளின் தலையில் 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது, ஜிஎஸ்டி எண் கிடையாது.

வெளியில் வந்தது மளிகைக் கடை அண்ணாச்சியால்தான். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் மாமா. அவர் அண்ணாச்சி கடையில் பருப்பு வாங்க நின்றபோது சுவரில் மாட்டியிருந்த சிலிண்டரை ஒரு கையால் தூக்கிப் பார்த்திருக்கிறார். "என்ன அண்ணாச்சி, காத்தை மாட்டி வெச்சிருக்கீங்க?" என்றாராம். உடனே தராசில் ஏற்றினார்கள். குடுவையும் பவுடரும் சேர்த்து ஒன்பதரைக் கிலோ என்று லேபிளில் போட்டிருக்கிறது. தராசு காட்டியது நாலரை.

செய்தி பரவி, ஆளாளுக்குச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு ஓடினோம். எல்லாமே அதே கதைதான். சாயங்காலம் மாமா ஒன்றைப் படித்துறைக்கு எடுத்துவரச் சொன்னார். பின்னை உருவி, குழாயைத் தரைப் பக்கம் பிடித்து, கைப்பிடியை அழுத்தினார். புஸ் என்று ஒரு சத்தம், கோலமாவு போல ஒரு பிடி வெள்ளைத் தூள், அவ்வளவுதான். அதைவிடக் கொடுமை ஒன்று. கழுத்தில் அழுத்தமானி என்று ஒரு வட்டம் இருக்கும், நல்ல நிலையில் இருந்தால் முள் பச்சையில் நிற்கும், அழுத்தம் போனால் சிவப்புக்கு இறங்கிவிடும். எங்கள் குடுவை முழுசாகக் காலியான பிறகும் முள் பச்சையிலேயே நின்றது. மாமா விரல் நகத்தால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு வந்த கோபம் எங்கள் யாருக்கும் வரவில்லை. சிலிண்டரே இல்லாதவன் தீயைப் பார்த்தால் வெளியே ஓடிவிடுவான், இதை நம்புகிறவன் தீக்குப் பக்கத்தில் போய் நிற்பான், அதுதான் இவன்கள் செய்த பாவம் என்றார். பணம் போனதை மட்டுமே பேசிக்கொண்டிருந்த நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

ராத்திரி என் மகள் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். லேபிளில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது. முத்திரைக்கு மேலே அந்தப் பொருளுக்கான தர எண் இருக்க வேண்டும், கையில் தூக்கும் தீயணைப்பான்களுக்கு அது ஐஎஸ் 15683. கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் அது யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். எங்கள் சிலிண்டரில் இருந்த எண்ணைப் போட்டாள். வடக்கே எங்கேயோ தண்ணீர் பாட்டில் அடைக்கும் கம்பெனி வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாராவது தீயணைப்பான் விற்க வந்தால் அவர் கண்ணெதிரே இதைச் செய்து பாருங்கள். உண்மையான வியாபாரி நிற்பார்.

சரி, தீயணைப்பு நிலையத்தில் என்ன சொன்னார்கள்? தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை சிலிண்டர் விற்பதும் இல்லை, விற்க ஆள் அனுப்புவதும் இல்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் சீருடையில் வருவார்கள், குறை இருந்தால் எழுத்தில் கொடுப்பார்கள், கதவில் ஸ்டிக்கர் ஒட்டிக் காசு வாங்க மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்கலாம். செயல்விளக்கம் வேண்டுமா, கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கடிதம் கொடுங்கள், நாங்களே வந்து காட்டுகிறோம், இலவசம் என்றார்கள். ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரம் என்று பள்ளிகளில் காட்டுவதுதான் இது. 1944-ல் பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. வருடா வருடம் நடக்கிறது, நாங்கள்தான் கடையை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை.

காவல் நிலைய அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் "பொருள் கொடுத்திருக்காங்கல்ல, அப்புறம் என்ன மோசடி?" என்று கேட்டார்கள். தராசு வீடியோவைக் காட்டிய பிறகு மனு ரசீது கொடுத்தார்கள், எஃப்ஐஆர் இன்னும் போடவில்லை. ஏமாற்றுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தில் 318-ம் பிரிவு, அரசு ஊழியர் போல நடிப்பதற்கு 204. மனுவில் இரண்டையும் குறிப்பிட்டு எழுதச் சொன்னார் எங்கள் வக்கீல். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. வியாபாரத்துக்கு வாங்கியது நுகர்வோர் வழக்கில் வராது என்று யாராவது பயமுறுத்தினால், பிழைப்புக்காகச் சொந்தமாகக் கடை நடத்துகிறவருக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள். எங்கள் சிக்கல் வேறு: யார் மேல் வழக்குப் போடுவது? பில்லில் இருந்த திருச்சி விலாசத்தில் பழைய இரும்புக் கடைதான் இருக்கிறது. போன் அன்றைக்கே அணைந்துவிட்டது.

எங்கள் சங்கத்துப் பொறுப்பாளர் ஒருவர், "வெளிய சொன்னா நமக்குத்தான் அசிங்கம், விட்டுடுங்க" என்றார். எனக்கு அதில் என்ன அசிங்கம் என்று புரியவில்லை. அவர் கடையிலும் இரண்டு மாட்டியிருக்கிறது.

இதே கூட்டத்தின் இன்னொரு வேலை ரீஃபில். ஏற்கெனவே நல்ல சிலிண்டர் வைத்திருந்த ஒரு பள்ளியிலும் ஒரு கிளினிக்கிலும், தேதி முடிந்துவிட்டது, மாற்றி நிரப்பித் தருகிறோம் என்று எடுத்துப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தது புதுப் பெயின்ட் அடித்த, புது ஸ்டிக்கர் ஒட்டிய குடுவை. உள்ளே இருந்த நல்ல பவுடர் எங்கே போனதோ. நிரப்பக் கொடுப்பதற்கு முன்னால் குடுவையின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், போகும்போதும் வரும்போதும் எடை போடுங்கள்.

அடுத்து ஒரு க்யூஆர் கோடு மோசடி. எரிந்த கடையில் வேலை பார்த்த பெண்களுக்கு நிவாரணம் என்று வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு போட்ட ஒரு படம் சுற்றியது. ஊரே ஐநூறு ஆயிரம் என்று போட்டது. அந்தப் பெண்களில் ஒருவர் என் கடைக்குப் பயோடேட்டா அடிக்க வந்தார். பணம் எவ்வளவு வந்தது என்று விசாரித்தேன். "எந்தப் பணம்ணா?" என்று கேட்டார். இப்போது அவர்களில் பலர் வேறு வேலை தேடி அலைகிறார்கள். கொடுக்க நினைப்பவர்கள் நேரில் கையில் கொடுங்கள், அவர்கள் எங்கேயும் போய்விடவில்லை.

சிலிண்டரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஜெராக்ஸ் மெஷின் மாதிரி கரண்ட் ஓடும் இடத்துக்கு கார்பன் டை ஆக்சைடு வகை நல்லது, பொதுவாகக் கடைக்குப் பல வகைத் தீக்கும் ஆகும் ஏபிசி பவுடர் போதும், பஜ்ஜிக் கடை எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. மாமா சொல்லிக் கொடுத்தது இது. ஆனால் ஆறு கிலோ சிலிண்டர் முழுசாக அடித்தாலும் அரை நிமிடம் தாங்காது என்பதையும் அவரே சொன்னார். தஞ்சாவூரிலும் ஸ்ரீரங்கத்திலும் கும்பகோணத்திலும் கீற்று எரிந்தது, ஆட்கள் வெளியேற வழி போதவில்லை. எங்கள் ஜவுளிக்கடையிலும் மாடிப்படியில் அட்டைப்பெட்டி. அந்தப் படியைக் காலி பண்ண யாருக்கும் 4,300 ரூபாய் ஆகாது. கடைத்தெருவில் தகரப் பந்தல்கள் மறுபடியும் ஏறிவிட்டன, அதைத் தனியாக எழுத வேண்டும்.

வாங்கி ஏமாந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபத்தில் சிலிண்டரை உடைக்காதீர்கள், பழைய இரும்புக்குப் போடாதீர்கள், கதவில் ஒட்டிய ஸ்டிக்கரையும் கிழிக்காதீர்கள். ஜிபே ரசீதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தராசில் வைத்து, லேபிளும் எடையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் எங்கள் தெருவே மனு கொடுக்கப் போகிறது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வரலாம், சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். கனமாக இருக்காது.