சிஸ்லியின் வெள்ளப் படம்: கான்வாஸ் பிரிண்ட் வாங்கலாமா?

மழை வெறித்த மறுநாள் காலை வெளிச்சம் இருக்கிறதே, அதை வீட்டுச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பிரான்சில் வாழ்ந்த ஓவியர் ஆல்ஃபிரெட் சிஸ்லி, பாரிஸ் பக்கத்து ஊர் ஒன்றில் வெள்ளம் வந்தபோது 1876-இல் வரைந்த 'போர்ட் மார்லி வெள்ளம்' படத்தை கான்வாஸில் பிரிண்ட் எடுத்து, பாளையங்கோட்டையில் ஒரு கடையில் சட்டம் போட்டு மாட்டி மூன்று மாதம் ஆகிறது. தாராளமாக வாங்கலாம், ஆனால் வானத்தை வெட்ட விடாதீர்கள்.

அசல் படம் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 60-க்கு 81 செ.மீ. 18-க்கு 24 இஞ்ச் போட்டால் ஏறக்குறைய அப்படியே உட்காரும். கடையில் தயாராக இருந்ததோ 20-க்கு 30 சட்டம். "மேல வெறும் மேகம்தான அண்ணாச்சி, கொஞ்சம் போனா என்ன?" என்றார் கடைக்காரர். அந்த மேகத்திலிருந்துதான் தண்ணீருக்கு வெளிச்சமே இறங்குகிறது, அதை வெட்டினால் தண்ணீருக்குள் நிற்கும் ஒரு வீடு மட்டும்தான் மிஞ்சும். அளவுக்குச் சட்டம் அடித்துத் தர இன்னும் பத்து நாள் ஆயிற்று, பரவாயில்லை.

முதல் பிரிண்ட் சரியில்லை. தண்ணீர் முழுக்க ஒரே நீலமாக, பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி வந்திருந்தது. சிஸ்லியின் தண்ணீருக்கு ஒரு நிறம் கிடையாது. சாம்பல், வெள்ளை, மங்கிய மஞ்சள் எல்லாம் சின்னச் சின்னத் தீற்றல்களாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், கிட்டே போனால் வெறும் தூரிகைத் தடம், ஆறடி தள்ளி நின்றால் தண்ணீர் அசையும். கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, மினுமினுப்பில்லாத துணியில் இரண்டாவது முறை எடுத்த பிறகுதான் அந்த அசைவு வந்தது. அசலில் சாயம் தடிப்பாக மேடு தட்டி நிற்பது பிரிண்டில் வராது, அது குறைதான். கண்ணாடி வேண்டவே வேண்டாம், டியூப்லைட் அப்படியே தெரியும். அப்புறம் ஒன்று, அந்த வெள்ளத்தை சிஸ்லி பல படங்களாக வரைந்திருக்கிறார், இடப்பக்கம் மதுக்கடைக்காரர் வீடு பெரிதாக நிற்பதுதானா என்று பார்த்து பிரிண்டுக்குக் கொடுங்கள்.

சிந்துபூந்துறை அத்தை வந்தபோது, "வெள்ளத்தையா துட்டு குடுத்து வாங்கியிருக்க?" என்று முகம் சுளித்தாள். 2023 டிசம்பரில் தாமிரபரணி அவள் வீட்டு ஜன்னல் வரை ஏறியது, பீரோவுக்குள் இருந்த கல்யாணப் பட்டெல்லாம் சேறு. நான் பதில் சொல்லவில்லை. காப்பி குடித்து முடிக்கும் வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், வீட்டோரம் நிற்கும் படகைக் காட்டி, "ஆளுக பதறாம நிக்காங்க பாரு, மழ வெறிச்சிட்டுலா" என்றாள். நான் அத்தனை தடவை பார்த்தும் அந்த நிதானத்தைக் கவனித்ததில்லை.

அவளுக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன். அதே 18-க்கு 24, வானத்தோடு.